நெய்யாற்றுத் தோடுகளில் மீன் ஏறுமா?

என் தங்கை மகன் கனடாவில், வான்கூவர் நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். சென்ற ஐப்பசியில் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். முழங்கால் அளவே தண்ணீர் உள்ள ஓர் ஓடை. அதில் முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட மீன்கள், உடல் கன்றிச் சிவந்து, கூழாங்கற்களில் உரசிக்கொண்டு மேல்நோக்கி ஏறுகின்றன. கரையில் மழைக்கோட்டு அணிந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். ஒருவர் கையிலும் வலை இல்லை. படத்தின் கீழே, "மாமா, இதைப் பார்க்க ஊரே திரண்டு வருது. நம்ம ஊர்ல இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தான்.

உண்டு என்றுதான் பதில் எழுதினேன். ஆனால் அது எந்த மட்டும் உண்டு, இன்னும் எத்தனை நாளைக்கு உண்டு என்பது ஒரு வரியில் எழுதி முடிக்கிற சமாசாரம் அல்ல. இதை நம் சங்கத்து நண்பர்களிடம் சொன்னபோது, இதழாசிரியர் அவர்கள் "அதையே கட்டுரையாக எழுதித் தாருங்கள்" என்று பணித்தார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் இருப்பதால் ஒப்புக்கொண்டேன்.

முதலில் சால்மன் என்னும் அந்த மீனைப் பற்றிச் சிறிது. அது ஆற்றின் மேல்பகுதியில், கூழாங்கற்களுக்கு நடுவே இட்ட முட்டையிலிருந்து பிறக்கிறது. குஞ்சு வளர்ந்து கடலுக்குப் போகிறது. சில ஆண்டுகள் கடலில் அலைந்து கொழுத்தபின், தான் பிறந்த அதே ஆற்றைத் தேடித் திரும்பி வருகிறது. பிறந்த ஓடையின் வாசனையை அது மறப்பதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பசிபிக் கடற்கரைச் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்ததும் அங்கேயே இறந்துபோகும். அதன் உடலைக் கரடியும் பறவையும் தின்று மிச்சம் போட்டது காட்டு மரங்களுக்கு உரமாகிறது. பிழைப்புக்காகக் கடல் கடந்து போய், கடைசியில் பிறந்த ஊரைத் தேடி வரும் ஜீவன் என்பதால், நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதன்மேல் ஒரு பாசம் வருவதில் வியப்பில்லை!

இந்த மீன் அமெரிக்காவில் பல ஆறுகளில் அருகிப் போயிற்று. காடுகளை வெட்டினார்கள். மழையில் மலைமண் கரைந்து வந்து கூழாங்கற்களின் இடுக்கை அடைத்தது. உள்ளே இருந்த முட்டைகளுக்கு மூச்சு முட்டியது. கலிபோர்னியாவின் வடக்கே மட்டோல் என்னும் ஒரு சிறிய ஆறு உண்டு. 1980-இல் அந்த ஆற்றங்கரைவாசிகள் சிலர் சேர்ந்து, தாய்மீனைப் பிடித்து முட்டை எடுத்து, ஓடைக்கரையிலேயே பெட்டிகளில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்து ஆற்றில் விட்டார்கள். சர்க்கார் ஆட்கள் அல்ல, அந்தப் பக்கத்துச் சாதாரணக் குடியானவர்கள். வேலையில் இறங்கிய பிறகுதான் குஞ்சு விட்டால் மட்டும் போதாது, மண் கரைந்து வரும் மலைச்சரிவையே சரி செய்தாக வேண்டும் என்பது தெரிந்தது. மரம் நட்டார்கள், கைவிடப்பட்ட காட்டுப் பாதைகளின் சரிவுகளைத் திருத்தினார்கள். மீனில் தொடங்கியது மலையில் போய் நின்றது. அவர்களில் ஒருவரான ஃப்ரீமன் ஹவுஸ் 1999-இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். கனடாவில் அரசே 1977-இல் சால்மனைப் பெருக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதில் பள்ளிகளையும் ஊர்க் குழுக்களையும் சேர்த்துக்கொண்டது. படத்தில் கண்ட பிள்ளைகள் அந்த வழி வந்தவர்கள். மிக அண்மைச் செய்தி, கிளமத் ஆற்றில் பழைய அணைகள் நான்கை 2024-இல் இடித்து முடித்தார்கள். யூரோக், கரூக் முதலிய பழங்குடி மக்கள் பல்லாண்டு போராடிப் பெற்றது அது. இடித்த சில வாரங்களிலேயே, அந்த ஆண்டு அக்டோபரில், சால்மன்கள் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறிவிட்டன.

நம் ஊர் ஊத்த

நெய்யாற்றில் சால்மன் இல்லை. வெதுவெதுப்பான நம் தண்ணீர் அதற்கு ஆகாது. ஆனால் மீன் ஏறுவது உண்டு. அதற்கு மலையாளத்தில் 'ஊத்த' என்று பெயர். நம் தமிழ்நாட்டில் 'ஊத்தா' என்றால் சேற்று நீரில் குத்திப் பிடிக்கும் அடியில்லாக் கூடை. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். அங்கே கூடைக்குப் பெயர், இங்கே மீனேற்றத்துக்கே பெயர். இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டா என்பதை நம் சங்கத்துப் புலவர்கள்தான் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்தார் இதை 'ஏத்துமீன்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இடவப்பாதி மழை, அதாவது வைகாசி பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, இரண்டு மூன்று நாள் ஓயாமல் பெய்தால் தோடுகள் செந்நிறமாகப் பெருகும். தோடு என்பது இங்கே சிற்றோடைக்குப் பெயர். அந்தப் புதுவெள்ளத்தின் மணம் பட்டதும் ஆற்றிலும் காயலிலும் இருக்கும் வராலும், கெண்டையும், கெளிறும், வாளையும், பனையேறியும் முட்டை நிறைந்த வயிற்றோடு எதிர்நீச்சல் போட்டுத் தோட்டில் ஏறுகின்றன. தோட்டிலிருந்து வரப்பு மடை வழியாக வயலுக்குள் நுழைகின்றன. வயல்நீர் ஆழமில்லாதது, வெயில் பட்டுச் சூடேறுவது, புழுபூச்சி நிறைந்தது. பெரிய மீன் அங்கே வந்து குஞ்சைத் தின்ன முடியாது. குஞ்சுக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடையாது. மழை குறையும்போது குஞ்சுகள் அதே மடை, அதே தோடு வழியாக ஆற்றுக்கு இறங்கிவிடும்.

சால்மன் கடலிலிருந்து மலைக்கு ஏறுகிறது. நம் மீன் ஆற்றிலிருந்து வயலுக்கு ஏறுகிறது. தூரம்தான் வேறு, காரியம் ஒன்றே. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கரையில் நின்று பார்க்கிறார்கள். இங்கே டார்ச் விளக்கும் வெட்டுக்கத்தியுமாக இறங்குகிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஊத்தப் பிடிப்பது பாரம்பரியம். மீன்கூடு வைப்பதும், ஒற்றால் கொண்டு அமுக்கிப் பிடிப்பதும் தலைமுறை தலைமுறையாக வந்த கலை. ஏழை வீட்டில் மழைக்காலத்தில் கறி வேகுவது அந்த ஒரு வாரம்தான். தோட்டில் பத்து மீன் ஏறினால் இரண்டு பிடிபடும், எட்டு தப்பும் என்று இருந்த காலத்தில் அதில் கேடு ஒன்றும் இல்லை. இன்று தோடு பாதியாகச் சுருங்கிவிட்டது. ஏறும் மீனும் குறைவு. தோட்டின் குறுக்கே கரைக்குக் கரை வலை கட்டுகிறார்கள். பாட்டரியில் இருந்து மின்சாரம் பாய்ச்சுகிறவர்களும், துரிசும் பிளீச்சிங் பொடியும் கலக்குகிறவர்களும் உண்டு. அப்படிப் பிடித்தால் பத்துக்குப் பத்தும் போய்விடும். ஒவ்வொரு தாய்மீனோடும் ஆயிரக்கணக்கான முட்டைகளும் போகின்றன.

கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி, முட்டையிடும் காலத்தில் மீன் ஏறும் வழியை அடைப்பதும் அந்த மீனைப் பிடிப்பதும் குற்றம். 15,000 ரூபாய் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு என்று மீன்வளத் துறை மழை தொடங்கும்போது அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பு மலையாளத்தில் வருவதால் நம் வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

ஏலாவும் தோடும்

வெளியூரிலிருந்து புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்காக நம் நிலத்தின் அமைப்பைச் சொல்கிறேன். தஞ்சாவூர் போலவோ திருநெல்வேலி போலவோ இங்கே பரந்த சமவெளி இல்லை. சின்னச் சின்னச் செம்மண் குன்றுகள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே நீண்ட பள்ளம். அந்தப் பள்ளத்து வயலுக்கு 'ஏலா' என்று பெயர். குன்றில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, ஓரத்தில் ஊற்றாகக் கசிந்து, தலைமாட்டில் உள்ள குளத்தில் நிறைந்து, வயல் வழியாகத் தோட்டில் விழும். தோடு இன்னொரு தோட்டோடு கூடி நெய்யாற்றுக்கோ பூவாற்றுப் பக்கத்துக் காயலுக்கோ போகும். ஆகவே கரைமேல் உள்ள நம் வீட்டுக் கிணற்று நீரும், ஏலாவில் நிற்கும் நீரும் ஒன்றே. ஏலாவை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால், நான்கு வீடு தள்ளி இருப்பவர் கிணறு மாசி பங்குனியில் வற்றும்.

எழுபதுகளின் நடுவில் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேர். இன்று அது சுமார் 2 லட்சம் ஹெக்டேர். நம் வட்டாரத்திலும் நெல் போன இடத்தில் வாழை வந்தது, மரச்சீனி வந்தது, மேட்டில் ரப்பர் வந்தது. வாழைக்கும் மரச்சீனிக்கும் தண்ணீர் தேங்கக்கூடாது. ஆகவே ஏலாவில் வாய்க்கால் வெட்டி நீரை விரைவாக வடியவிட்டார்கள். மீனுக்குத் தொட்டிலும் போயிற்று, கிணற்றுக்கு ஊற்றும் போயிற்று. 2008-இல் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குள் நிரப்பியது நிரப்பியதுதான்.

ஆற்றின் கதை இன்னும் வேதனையானது. அகத்திய மலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலில் கலப்பது நெய்யாறு. 1888-இல் நாராயண குரு அருவிப்புறத்தில் இந்த ஆற்றுக்குள் மூழ்கி எடுத்த கல்லைத்தான் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அப்படிப்பட்ட ஆற்றில் மணல் அள்ளினார்கள், அள்ளினார்கள், அள்ளிக்கொண்டே இருந்தார்கள். படுகை தாழ்ந்தது, கரை இடிந்தது. நெய்யாற்றின்கரைக்கு அருகே சுற்றிலும் மண் சரிந்து தன் வீடே தீவு போலாகியும், மணல் கொள்ளையரை எதிர்த்துத் தனியாளாக நின்றார் ஒரு மூதாட்டி. அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஆற்றுமணலைக் காக்க 2001-இல் சட்டம் உண்டு. சட்டம் வந்த பிறகும் அந்த அம்மையார் அப்படி நிற்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். ஆற்றுப்படுகை தாழ்ந்தால் தோட்டின் வாய் உயரத்தில் தொங்கும். மீன் எப்படி ஏறும்?

கொல்லயிலில் தொடங்கியது

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் கேரள அரசு 'ஹரித கேரளம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. தொடக்க விழா தலைநகரில் பெரிய மண்டபத்தில் அல்ல, நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கொல்லயில் ஊராட்சியில் நடந்தது. குளம், தோடு, கிணறு, வயல், குப்பை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது அதன் நோக்கம். அடுத்து வந்த 2017-ஆம் ஆண்டுக் கோடை யாருக்கும் மறக்காது. பேப்பாறை அணை வற்றித் திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் இல்லை என்றானபோது, நெய்யாறு அணையின் காப்புக்காட்டிலிருந்து நீரை இறைத்துக் கும்பில் தோடு என்னும் சிறு ஓடையில் விட்டு, அது கரமனை ஆற்றில் சேர்ந்து அருவிக்கரைக்குப் போகும்படி செய்தார்கள். ஒரு தலைநகரின் தாகத்தை ஒரு தோடு தீர்த்தது! தோடு என்றால் சாக்கடை என்று நினைப்பவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இது.

அதே 2017-இல் ஆலப்புழை மாவட்டம் புதனூர் ஊராட்சியில், பம்பையையும் அச்சன்கோவிலாற்றையும் இணைக்கும் குட்டம்பேரூர் ஆற்றை மீட்டார்கள். 12 கிலோமீட்டர் நீளம். புதரும் பிளாஸ்டிக்கும் மூடி, ஆறு என்றே சொல்ல முடியாமல் கிடந்தது. நூறு நாள் வேலைத் தொழிலாளர் சுமார் 700 பேர், பெரும்பாலும் பெண்கள், கழுத்தளவு அழுக்கு நீரில் இறங்கி வாரி எடுத்தார்கள். ஆறு ஓடத் தொடங்கியது, கிணறுகளிலும் நீர் ஏறியது. நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் காட்டாக்கடை. 2014 வரை நெய்யாற்றின்கரைத் தாலுகாவோடு இருந்த பகுதி அது. அந்தச் சட்டமன்றத் தொகுதியில் 'ஜலசம்ருத்தி' என்னும் பெயரில் ஊராட்சிகள் ஒன்றுகூடி, நீர் எங்கே பிறந்து எந்தச் சரிவில் எங்கே போகிறது என்று பார்த்துத் திட்டம் போட்டார்கள். வார்டு எல்லையை வைத்துப் போடவில்லை. நூற்றுக்கணக்கான பண்ணைக் குட்டைகள் வெட்டினார்கள். பள்ளிக்கூடக் கிணறுகளில் கூரை மழைநீரை இறக்கினார்கள். 2019 டிசம்பரில் மாநிலம் முழுதும் தோடுகளைத் துப்புரவு செய்ய 'இனி ஞான் ஒழுகட்டெ' என்ற இயக்கம் தொடங்கியது. ஒழுகுதல் என்றால் இன்று நமக்குக் கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அதற்கு நீர் ஓடுதல் என்றே பொருள். ஒழுக்கம் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. மலையாளம் அந்தப் பழம்பொருளை விடாமல் வைத்திருக்கிறது.

இவ்வளவும் நல்ல காரியங்கள். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தோடு சுத்தமாகிவிட்டதா என்பதை நாம் கண்ணால் அளக்கிறோம். புல் இல்லை, குப்பை இல்லை, தண்ணீர் நேராக ஓடுகிறது என்றால் வேலை முடிந்தது, படம் எடுத்து மாட்டிவிடலாம். மீனைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். கரையில் உள்ள தாழை, புன்னை, நாணல் எல்லாவற்றையும் ஜேசிபி வைத்து வழித்து, அடியைச் சமமாக்கி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் மழைநீர் அம்பு போலப் பாயும். அந்த வேகத்தில் வராலுக்கு நின்று மூச்சு வாங்க ஒரு மடுவும் இல்லை. சுவருக்கு அப்பால் இருக்கும் வயலுக்குள் நுழைய மடையும் இல்லை. கிணற்றை நோக்கிக் கசிய வேண்டிய நீரையும் அந்தச் சுவர் தடுக்கிறது. பணமும் அதிகம். ஆனால் ஒப்பந்தக்காரருக்குக் கான்கிரீட் பிடிக்கும், நமக்கும் சுவர் என்றால் பெரிய வேலை நடந்த மாதிரித் தெரியும். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டிலும் ஒரு பர்லாங்கு தூரம் அப்படித்தான் ஆயிற்று. அதற்குக் கீழே மீன் உண்டு, மேலே இல்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தென்னை நார்க் கயிற்றில் நெய்த வலைப்பாயைக் கரைச்சரிவில் விரித்து, மூங்கில் முளை அடித்து, அதன் இடுக்கில் புல் நடுகிறார்கள். 'கயர் பூவஸ்திரம்' என்று இங்கே அழகான பெயர். பூமிக்கு உடுத்தும் துணி! 2017 முதல் கேரளத்தில் நூறு நாள் வேலையில் இதைப் பல இடங்களில் செய்தார்கள். பாய் சில ஆண்டுகளில் மக்கிவிடும், அதற்குள் புல்லின் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். கயிறு திரிக்கிற தொழிலாளிக்கும் கூலி, தோட்டில் வேலை செய்பவர்க்கும் கூலி. பலராமபுரத்துத் தறிக்காரக் குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூர் அரசு திருநெல்வேலி, நாகர்கோவில் சீமையிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய நெசவாளர் மரபினர் அவர்கள். நெய்த பொருளுக்கு உள்ள பலம் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டைச் சுத்தம் செய்தபின் விழா நடத்தி மீன்குஞ்சு விடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எந்த மீன் என்று யாரும் கேட்பதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அந்நிய மீன் ஒன்று தோட்டில் நுழைந்தால் நம் கெண்டையும் குஞ்சும் அதற்கு இரை. 2018 வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்கள் உடைந்து, அமேசான் நதி அரபைமா வரை கேரளத்து ஆறுகளில் பிடிபட்டது. நம் தோட்டுக்கு மீன்குஞ்சு வெளியிலிருந்து வாங்க வேண்டியதே இல்லை. வழி விட்டால் மீன் தானே வரும், அந்த ஏழெட்டு மழை இரவுகளில் நாம் அதை விட்டுவைத்தால்.

கால்வாய் வழக்கும் நம் தோடும்

நெய்யாறு என்றவுடன் நம் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு இடதுகரைக் கால்வாய்க்குப் போய்விடும். போவதில் நியாயம் உண்டு. 1958-இல் அணை வந்தது. அதற்கு முன்பே, 1956 நவம்பர் 1-இல், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணையின் இடதுகரைக் கால்வாயை நம்பி விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் நிலம் இருந்தது. 2004 முதல் அந்த நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. பாறசாலையில் பெண் கொடுத்துக் களியக்காவிளைக்கு அப்பால் சம்பந்தம் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரே குடும்பத்தில் இந்தப் பக்கத்து வயலுக்கு நீர் உண்டு, அந்தப் பக்கத்து வயலுக்கு இல்லை. அந்த வருத்தத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் அது இரண்டு அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது. தோடு அப்படி அல்ல. தோட்டுக்கு வழக்கு இல்லை, அணை இல்லை, மாநிலம் இல்லை. எல்லைக் கோடு வீடுகளுக்கும் விளைகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் இந்த வட்டாரத்தில், மேட்டில் பெய்த மழை எந்த மொழி பேசும் வயலுக்கு இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கடலோரத்தில் 1860-இல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயைப் பாருங்கள். பூவாற்றிலிருந்து கொல்லங்கோடு வழியாகக் குமரிக் கரையோரம் போகும்படி வெட்டியது. இன்று இரண்டு மாநிலத்துப் பகுதியும் ஒன்றுபோலத் தூர்ந்து கிடக்கிறது. அதில் மட்டும் ஒற்றுமை!

தோட்டு வேலையில் நம்மவர் கலந்துகொள்வது குறைவு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1996-இல் மக்கள் திட்டம் வந்த நாள்முதல் கேரளத்தில் கிராம சபைக்கு உண்மையான அதிகாரம் உண்டு. எந்தக் குளத்தைத் தூர் வாருவது, எந்தத் தோட்டுக்கு என்ன செய்வது என்பதை அங்கே சொல்லலாம். நம் வீடுகளிலிருந்து போவதில்லை. "நாம வாடகைக்கு இருக்கோம், நமக்கென்ன?" என்பார் ஒருவர். "மலையாளத்துல எழுந்து பேச வெட்கமா இருக்கு" என்பார் இன்னொருவர். கடைசியாக நான் போன சபையில், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது ஆண்டாக இங்கே வாழும் ஒரு அம்மா எழுந்து, கலப்பில்லாத குமரித் தமிழிலேயே பேசினார்கள். "மக்களே, சுவரு கெட்டாதீங்க. எனக்க மாமியார் காலத்துல அந்த மடை வழியாத்தான் மீனு வயலுக்கு ஏறும். அத மட்டும் அடைக்காண்டாம்." வார்டு உறுப்பினருக்கு ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் மலையாளத்தில் எழுதிக்கொண்டார்.

வரும் இடவப்பாதிக்கு முன், சங்கத்தின் சார்பில் ஒரு நாள் எங்கள் பகுதித் தோட்டின் நீளம் முழுவதும் நடந்து பார்ப்பதாக இருக்கிறோம். எங்கே மடை அடைபட்டிருக்கிறது, எங்கே குறுக்குச் சுவர் மீன் தாண்ட முடியாத உயரத்தில் நிற்கிறது, எந்த வீட்டுக் குழாய் கழிவுநீரை விடுகிறது என்று குறித்து ஊராட்சியில் கொடுக்க வேண்டும். குறுக்குத் தடுப்பின் ஒரு ஓரத்தில் கற்களைப் படிப்படியாக அடுக்கினாலே கெண்டையும் வராலும் ஏறிவிடும், அதற்குப் பெரிய செலவு இல்லை. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ரப்பர் செருப்பும் குடையும் போதும், அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்த பிறகு இரவில் இரண்டு மூன்று பேராகப் போய், குறுக்கே வலை கட்டியிருந்தால் உரியவரிடம் நயமாகச் சொல்லிப் பார்ப்பது, கேட்காவிட்டால் மீன்வளத் துறைக்குத் தெரிவிப்பது என்றும் பேசியிருக்கிறோம். சண்டைக்குப் போக வேண்டாம் என்று மூத்தவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டுக்கு மலையாளத்தில் ஒரு பெயர், நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் தமிழில் ஒரு பெயர். கரையில் ஒரு பலகை வைத்து இரண்டு பெயரையும் எழுதும்படி ஊராட்சிக்கு மனுக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.